இளையவருக்கு இணையாக

மைக் கீச்சென்று ஒருமுறை கத்தி அடங்கியது. சங்கச் செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அன்பு அண்ணன், பண்பாளர், பழகுவதற்கு இனியவர்" என்று ஆரம்பித்தார். சண்முகவடிவு மடியிலிருந்த கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். பண்பாளராம். போன மாதக் கடைசியில் இதே மேடையில் மாலை வாங்கிக்கொண்டு போன ஆளையும் பண்பாளர் என்றுதான் சொன்னார்கள், அவர் இரண்டு தடவை சஸ்பெண்ட் ஆனவர். மாதக் கடைசி நாள் என்று ஒன்று வந்துவிட்டால் இந்த அலுவலகத்தில் எல்லாரும் உத்தமர்கள்தான். கழுத்தில் சம்பங்கி மாலை விழுந்தால் போதும், சேர்த்து வைத்த அழுக்கெல்லாம் அதோடு கழுவிப் போய்விடும். மேடையின் நடுவில் அதிகாரி நிவேதா, நேரடித் தேர்வில் வந்த சின்னப் பெண், கைக்கடிகாரத்தைப் பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வலப்பக்கம் இன்றைக்கு ஓய்வு பெறுகிற பால்துரை, புது வெள்ளைச் சட்டை, வாயெல்லாம் பல். அவனுக்கு அடுத்து அவன் மனைவி செல்லக்கனி, மாம்பழக் கலர்ப் பட்டு. அதற்கும் அடுத்து, ஓரத்து நாற்காலியில், நிர்வாகப் பிரிவுக் கண்காணிப்பாளர் என்ற முறையில் சண்முகவடிவு. வாயில் அவனைச் சார் என்பாள்; மனசுக்குள் எப்போதும் அவன்தான். மேடைக்குப் பின்னால் பச்சைத் திரை, திரைக்குப் பின்னால் அதிகாரியின் அறை, அங்கே மேஜையின் இடதுபக்கத் தட்டில் அவள் காலையில் கொண்டுபோய் வைத்த கோப்பு. விழா முடிந்ததும் அந்தப் பெண் உள்ளே போய் மிச்சக் கோப்புகளில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வண்டி ஏறுவாள், அது அவள் வழக்கம். போடட்டும். பால்துரை பதவி உயர்வு வாங்கிய நாளிலிருந்து தகுதிக்கு மேல் சம்பளம் வாங்கியிருக்கிறார், அந்தப் பணத்தை அவருடைய பணிக்கொடையில் பிடிக்க வேண்டும், அதுவரை நிலுவை இல்லை என்று சான்று தர இயலாது. மூன்றே வரி. அந்த மூன்று வரியை எழுதுவதற்கு அவள் இருபது வருஷத்துக்கு மேல் காத்திருந்தாள்.

சம்பங்கி வாடை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. பிரசவ வார்டுக்கு வெளியே அன்றைக்கு யாரோ இதே பூவைக் கூடையில் வைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள், ஜன்னல் வழியாக டெட்டால் வாடையோடு கலந்து வந்தது. மகள் உலகம்மை பிறந்த மறுநாள். தையல் போட்ட வயிறு, பால் கட்டின மார்பு, பக்கத்துக் கட்டிலில் ஒருத்தி விடாமல் அழுதுகொண்டிருந்தாள். அப்போதுதான் இந்தப் பால்துரை வந்தான், ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலும் நாலு ஆப்பிளும் எடுத்துக்கொண்டு, செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, பூனை மாதிரி. "அக்கா, பிரமோஷன் ஆர்டர் வந்துட்டு. நீங்க சேந்ததாவே போட்டாச்சு. இனிமே நீங்க உதவியாளர். இனிப்பு எப்ப?" என்றான். அவன் அப்போது சம்பளப் பட்டியல் போடும் இருக்கையில் இருந்தான், வயசில் ஒன்று கூட என்றாலும் பணியில் அவளுக்கு இளையவன், தேர்வில் அவளுக்கு அடுத்த வரிசையில் வந்தவன், அந்த முறையில்தான் அக்கா, தம்பி எல்லாம். அவள் படுத்தபடியே கேட்டாள்: "ஆப்ஷன் எழுதிக் குடுக்கணுமே தம்பி. பேனா இருக்கா?" அவன் போர்வையை அவள் காலில் சரியாக இழுத்துவிட்டான். அதுகூட ஞாபகம் இருக்கிறது, அந்த இழுத்துவிட்டது. "நீங்க ஒண்ணும் எழுத வேண்டாம்க்கா. பச்ச ஒடம்பு. நான் பாத்துக்கிடுதேன்." நான் பாத்துக்கிடுதேன். எத்தனை ராத்திரி அந்த வார்த்தை அவள் காதில் கொசு மாதிரி சுற்றியிருக்கிறது. மறந்துவிட்டானா, வேண்டுமென்றே செய்தானா? மறந்தான் என்று ஒரு வாரம் நினைப்பாள், வேண்டுமென்றே என்று ஒரு மாதம் நினைப்பாள், பிறகு போர்வையை இழுத்துவிட்ட கை ஞாபகம் வரும், சே, அப்படியிருக்காது என்று தோன்றும், அப்புறம் அந்தக் கையே மேலும் எரிச்சலைக் கிளப்பும். கெடுக்கிறவன் முறைத்துக்கொண்டு கெடுத்தால் என்ன, போர்வை எதற்கு.

வெளியாளிடம் இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. அவள் வீட்டுக்காரர் நயினாருக்கே புரியவைக்கப் படாத பாடு பட்டாள். பதவி உயர்வு வரும்போது புதுச் சம்பளத்தைப் பதவி ஏற்ற நாளிலிருந்தே வைப்பதா, இல்லை, பழைய பதவியில் அடுத்த இன்கிரிமென்ட் விழுகிற நாள் வரைக்கும் பொறுத்திருந்து அதற்கு மேல் வைப்பதா என்று ஊழியரே ஒரு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதாமல் விட்டால் பதவி ஏற்ற நாள்தான். பொறுத்திருந்தவருக்கு ஒரு இன்கிரிமென்ட் கூட. ஒன்றே ஒன்றுதான், ஆனால் அது சாகிற வரைக்கும் கூடவே வரும், பஞ்சப்படி ஏறும்போது அதுவும் ஏறும், செத்த பிறகு குடும்ப ஓய்வூதியத்திலும் வந்து உட்கார்ந்துகொள்ளும். விடுப்பு முடிந்து குழந்தையை அத்தை கையில் கொடுத்துவிட்டு அலுவலகம் வந்தவள் முதல் வேலையாக அவன் இருக்கைக்குத்தான் போனாள். அவன் நெற்றியில் அடித்துக்கொண்டான். "அய்யோ, சுத்தமா மறந்துட்டேன்க்கா. இப்ப எழுதிக் குடுங்க, வச்சுப் பாப்போம்." வைத்துப் பார்த்தான். கெடு முடிந்துவிட்டது என்று திரும்பி வந்தது. "என்னக்கா செய்ய, ரூல் ரூல்தானே," என்றான், முகத்தை அவளுக்காக வருத்தமாக வைத்துக்கொண்டு. அன்று முதல் அவனைத் தம்பி என்று கூப்பிடுவதை நிறுத்தினாள். அந்த மாற்றத்தை அவன் கவனித்தானா என்றுகூடத் தெரியாது, அதுவும் ஒரு எரிச்சல்.

"அண்ணன் அவர்கள் ஒரு நாள்கூடக் காலதாமதமாக வந்ததில்லை," என்றார் செயலாளர். முன்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். தாமதமா, தாமதத்தைப் பற்றி என்னைக் கேளுங்கள், நான் சொல்கிறேன், என்று சண்முகவடிவுக்கு எழுந்து மைக்கைப் பிடுங்க வேண்டும் போல இருந்தது. அவள் பிரமோஷனுக்கு அடுத்த வருஷம் அவனுக்கும் வந்தது. அந்தச் சமயத்தில் அவள் தபால் பிரிவில் இருந்தாள். வருகிற கடிதத்தில் எல்லாம் தேதி முத்திரை குத்துவது அவள் வேலை. ஒரு மத்தியானம், சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டுக் கை கழுவி வந்து உட்கார்ந்தபோது குவியலின் மேலே பால்துரையின் ஆப்ஷன் கடிதம் கிடந்தது, அவனுடைய குண்டு குண்டான கையெழுத்து. ஒரு மாதம் தாண்டி விட்டது. அடுத்தவர் கணக்கையெல்லாம் பார்க்கிறவன் தன் கணக்கைப் பார்க்க மறந்திருக்கிறான். இது அவனுக்கும் திரும்பி வரும், கடவுள் இருக்கிறார் என்று நினைத்தாள், முத்திரையை மையில் நன்றாக அழுத்தி, தேதி பளிச்சென்று விழும்படி குத்தினாள். திரும்பி வரவில்லை. அப்போதிருந்த அதிகாரி அவன் ஊர்க்காரர், முத்திரையையும் பார்க்கவில்லை, ரூலையும் பார்க்கவில்லை, அப்படியே கையெழுத்துப் போட்டார். அதே தாமதம். அவள் வயிற்றில் தையலோடு செய்த தாமதம் தாமதம், அவன் வெற்றிலை போட்டுக்கொண்டு செய்த தாமதம் தாமதம் இல்லை.

அதற்கப்புறம் மாதாமாதம் அந்தச் சம்பளப் பட்டியல். மற்றவர்கள் சம்பளம் ரகசியம், கட்டின பெண்டாட்டிக்குக்கூட முழுசாகச் சொல்ல மாட்டார்கள். அரசாங்கச் சம்பளம் அப்படியில்லை, ஆளைத் தெரிந்தால் சம்பளம் தெரியும், சம்பளத்தைத் தெரிந்தால் ஆளையே தெரிந்த மாதிரி. பட்டியலில் பேர்கள் பணி மூப்பு வரிசையில் வரும். மேலே அவள் பேர், அதற்கு நேர் கீழே அவன் பேர். கீழே இருக்கிற பேருக்குப் பக்கத்தில் பெரிய தொகை. மேலே இருக்கிறவளுக்குச் சின்னத் தொகை. அதைப் பார்க்கும்போதெல்லாம் நடுத்தெருவில் சேலை நழுவின மாதிரி இருக்கும் அவளுக்கு. ஆட்டோக்காரன் "ஒங்களுக்கென்னம்மா, கவர்மென்ட் சம்பளம், அள்ளிக் கொட்டுதான்லா" என்பான். மில் மூடி வீட்டோடு உட்கார்ந்துவிட்ட நயினார், பேப்பரில் அகவிலைப்படி உயர்வு என்று பார்த்தால், "ஒங்களுக்கு மட்டும் ஏத்திக்கிட்டே இருக்காம் பாரு" என்பார், அவரே அந்தச் சம்பளத்தில்தான் சாப்பிடுகிறார் என்பது மறந்து போகும். அவள் சென்னைத் தலைமை அலுவலகத்துக்கு மனு எழுதினாள். மூத்தவர் இளையவரைவிடக் குறைவாக வாங்குவது முறையல்ல என்று ஒன்று, அதற்கு நினைவூட்டு ஒன்று, நினைவூட்டுக்கு நினைவூட்டு ஒன்று. "அந்தப் பிச்சக்காசுக்கா இம்புட்டு எழுதுத?" என்று நயினார் கேட்டார். காசா? தினம் ஒரு காப்பியும் வடையும் சாப்பிடலாம், அவ்வளவுதான் காசு. அவள் காசுக்காக எழுதவில்லை. எதற்காக எழுதினாள் என்று சொல்லவும் தெரியவில்லை. ஒருநாள் டீக்கடையில் பால்துரை நாலு பேர் நடுவில், "என்ன இன்கிரிமென்ட் அக்கா, சென்னையிலேருந்து தபால் வந்துட்டா?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள், சிரிக்காமல் என்ன செய்வது. அந்தப் பேர் அப்படியே ஒட்டிக்கொண்டது. புதிதாகச் சேருகிற தட்டச்சருக்குக்கூட அவளுடைய சொந்தப் பேர் தெரிவதற்கு முன்னால் அந்தப் பேர் தெரிந்துவிடும்.

முத்திரை விஷயத்தை அப்போதே போட்டு உடைத்திருக்கலாம். யோசிக்காமல் இல்லை. ஆனால் உடைத்தால் அவன் இறங்குவான், அவள் ஏற மாட்டாள்; இரண்டு பேரும் பள்ளத்தில் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டியதுதான். அவன் மேலே இருந்தால்தான் அவனைக் காட்டி அவள் ஏற முடியும். ஆகவே வாயை மூடிக்கொண்டாள். அதுதான் கொடுமை, அவன் சம்பளத்துக்கு இத்தனை வருஷம் காவல் இருந்தவளே அவள்தான், ஒருமுறை தணிக்கைக்காரர்கள் வந்து அவன் பணிப்பதிவேட்டைப் புரட்டியபோது நெஞ்சு பதற அவர்களுக்கு முறுக்கும் காப்பியும் வாங்கிக் கொடுத்துப் பேச்சை மாற்றியவள் அவள்தான். நாலைந்து வருஷத்துக்கு முன்னால் ஒருவழியாகச் சென்னையிலிருந்து உத்தரவு வந்தது. இளையவருக்கு இணையாக. அந்த வார்த்தையை எத்தனை முறை படித்தாள்! சம்பளம் ஏறியது, பழைய பாக்கியும் மொத்தமாக வந்தது, அதைப் போட்டுத்தான் மாடியில் ஒரு அறை கட்டினார்கள், போதாததற்கு வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடனும் வாங்கினார்கள். அடுத்த பட்டியலில் மேலேயும் கீழேயும் ஒரே தொகை. இனி வயிறு குளிரும் என்று நினைத்தாள், குளிரவில்லை. அன்றைக்குப் பால்துரை அவள் இருக்கைக்கு வந்து, "சந்தோசமாக்கா? இப்ப நம்ம ரெண்டு பேரும் ஒண்ணு," என்றான். ஒன்றா! இவனும் நானும் ஒன்றா! அவனுக்கு இணையாக வருவதற்கா இத்தனை வருஷம்? அவன் கீழே போக வேண்டும். அதுதான் வேண்டியிருந்தது. உத்தரவு கைக்கு வந்த பிறகுதான் அது அவளுக்கே தெரிந்தது. சரி, ஓய்வு பெறட்டும், மாலை போடட்டும், அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மனசில் முடிந்து வைத்தாள். அவன் கோர்ட்டுக்குப் போகலாம், திரும்ப வாங்கலாம், வாங்கட்டும், அதற்குள் வக்கீல் வீட்டுப் படி ஏறி இறங்கித் தேயட்டும், மனு எழுதட்டும், நினைவூட்டு எழுதட்டும். யாராவது அவனுக்கும் ஒரு பேர் வைக்கட்டும்.

அல்வாத் துண்டும் மிக்சரும் பேப்பர் தட்டில் வந்தன. வாழையிலைத் துணுக்கில் நெய் மினுங்கிய அல்வாவை விரலால் தொட்டாள், வாயில் வைக்கவில்லை. செல்லக்கனி அவள் பக்கம் சாய்ந்தாள். நல்ல மனுஷி, அதுதான் தொந்தரவு. கையில் மருதாணி, புருஷனுக்கு மாலை போடுகிற நாளென்று கல்யாணப் பெண் மாதிரி போட்டிருக்கிறாள். "சாப்பிடுங்கக்கா. ஒங்களப் பத்தி இவுக வீட்டுல பேசாத நாளில்ல. எனக்கும் அக்காவுக்கும் ஒரே சம்பளம், ஒரு ரூவா முன்னப் பின்ன கெடையாதுன்னு சொல்லிச் சிரிப்பாக." சண்முகவடிவின் விரல் அல்வாவிலேயே நின்றுவிட்டது. காலையிலிருந்து நினைக்காமல் ஒதுக்கி ஒதுக்கி வைத்திருந்தது இப்போது நேராக எதிரே வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரே சம்பளம். அவளுடைய உத்தரவின் கடைசிப் பத்தி. இளையவரின் ஊதியம் பின்னர் திருத்தப்பட்டால் மேற்படியாரின் ஊதியமும் அவ்வாறே திருத்தப்படும். எல்லா உத்தரவுக்கும் வாலாக வருகிற வரி, யாரும் படிக்க மாட்டார்கள், கோப்பில் அவள் தன் பேரை எழுதாமல் விட்டதும் அந்தத் தைரியத்தில்தான், அந்தச் சின்னப் பெண்ணுக்கு எங்கே தெரியப்போகிறது, அவன் பேரில் கையெழுத்து விழுந்துவிட்டால் தன்னை யார் தேடப் போகிறார்கள் என்றுதான். பெண்டாட்டிக்கே தெரிந்திருக்கிறது! நாளைக்கு அவனுக்கு வெட்டினால் அவன் சும்மா இருப்பானா? அக்காவுக்கும் வெட்டுங்க என்று அடுத்த நிமிஷம் எழுதிக் கொடுப்பான். அவளுக்கு அடுத்த வருஷம் ஓய்வு. பணிக்கொடை வந்ததும் வங்கியிலிருந்து பத்திரத்தை மீட்பது என்று நயினாருக்குச் சொல்லியிருக்கிறாள், அவர் அதற்காக நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், பத்திரம் வந்ததும் பூஜை அறையில் வைத்துக் கும்பிட வேண்டுமாம். பிடித்தம் போனால் என்ன மிஞ்சும்? மாடியறையில் குடிவைத்தவர் தருகிற வாடகை. அது அவர் மாத்திரைக்கே சரி. வேர்த்தது. மேலே மின்விசிறி லொடக் லொடக்கென்று சுற்றியது, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு லொடக். என்ன காரியம் செய்தாய் சண்முகவடிவு, கிறுக்குப் பிடித்ததா உனக்கு, போ, எழுந்து போ, கையெழுத்து இன்னும் விழவில்லை, கோப்பை எடுத்துப் பைக்குள் வை, நிலுவை இல்லை என்று ஒரு சான்றை வைத்துவிட்டு வந்து உட்கார்.

"இப்போது அண்ணன் அவர்கள் ஏற்புரை ஆற்றுவார்," என்றார் செயலாளர். பால்துரை எழுந்து மாலையைச் சரிசெய்துகொண்டு மைக்குக்குப் போனான். இதுதான் சமயம், எல்லார் கண்ணும் அவன் மேல். சண்முகவடிவு தட்டை நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு, "பாத்ரூம் போயிட்டு வாரேன்," என்று செல்லக்கனியிடம் முணுமுணுத்து எழுந்தாள். திரையைப் பிடித்தாள். கனமான துணி, தூசி வாடை. மன்னித்து விட்டேன் என்று வைத்துக்கொள், என்று தனக்குத்தானே சொன்னாள், பயத்தால் இல்லை, பெருந்தன்மையால். போகிற மனுஷன், கழுத்தில் மாலையோடு போகட்டும், ஹார்லிக்ஸ் வாங்கி வந்தவன்தானே, ஒருவேளை நிஜமாகவே மறந்திருப்பான். அப்படி நினைத்தபோது நெஞ்சில் என்னவோ இளகியதுபோலக்கூட இருந்தது, கண் லேசாகக் கலங்கியது. அவன் குரல் பின்னால் வந்தது: "எல்லாருக்கும் நன்றி சொல்லிட்டேன். ஒருத்தருக்கு மட்டும்தான் பாக்கி. நம்ம இன்கிரிமென்ட் அக்கா." கூடம் கொல்லென்று சிரித்தது. "எங்க, எந்திச்சுட்டாக பாருங்க. இருங்கக்கா, கேட்டுட்டுப் போங்க. எம் பெஞ்சாதிகூட எஞ் சம்பளத்த இப்படிப் பாத்ததில்ல. நான் மாசம் என்ன வாங்குதேன்னு என்னய விட அவுகளுக்குத்தான் தெரியும். எழுதி எழுதியே எனக்குச் சமமா வந்துட்டாக. ஆனா ஒண்ணு. நான் இல்லன்னா அக்காவுக்கு அந்தச் சம்பளம் ஏது? நியாயமாப் பாத்தா இன்னைக்கு அவுகதான எனக்குச் சால்வ போடணும்?" சிரிப்பு கூரையைத் தொட்டது. அதிகாரிப் பெண் வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தாள். செல்லக்கனியும் சிரித்தாள், சூதில்லாமல், இப்போதும் பாசமாக. தட்டச்சர், ஓட்டுநர், காப்பி ஊற்றுகிற பொம்பளை, எல்லா வாயும் திறந்திருந்தது. சண்முகவடிவு திரையைப் பிடித்தபடி திரும்பி நின்று சிரித்தாள். டீக்கடையில் சிரித்த அதே சிரிப்பு, உதடு பழகிப் போயிருந்தது. பிறகு திரையை விலக்கி உள்ளே போனாள்.

அறை சில்லென்று இருந்தது. ஏசியை அணைக்காமல் விட்டிருந்தார்கள். கோப்பு வைத்த இடத்திலேயே இருந்தது, மேலே வேறு கோப்புகூட வந்து விழவில்லை. எடுத்தாள், பைக்குள் வைக்க ஜிப்பைத் திறந்தாள், கை தானாகப் பேனாவைத் தேடியது. நான் இல்லன்னா அக்காவுக்கு அந்தச் சம்பளம் ஏது. உண்மைதான், அவன் சொன்னதில் பொய்யே இல்லை, அதனால்தான் அப்படிச் சுட்டது. வாங்குகிற ஒவ்வொரு மாதச் சம்பளத்திலும் அவன் பேர் ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஓய்வு பெற்றாலும் ஒட்டும், செத்தால் நயினார் வாங்குகிற ஓய்வூதியத்திலும் ஒட்டும், இளையவருக்கு இணையாக, இளையவருக்கு இணையாக என்று. வேண்டாம். எனக்கு அந்தப் பணம் வேண்டாம், அவன் போட்ட பிச்சை வேண்டாம். நயினார் முகம் வந்தது, வங்கியில் கிடக்கிற பத்திரம் வந்தது, பயம் வந்து அடிவயிற்றில் பழைய தையல் இருந்த இடத்தில் இழுத்துப் பிடித்தது, பயமாகத்தான் இருந்தது, ஆனால் அந்தப் பயத்துக்கும் மேலே ஒரு ருசி, வாயில் வைக்காத அல்வாவைவிட இனிப்பாக, அவள் இத்தனை காலம் அறியாத ருசி. நின்றபடியே எழுதினாள். மேற்படியாரின் ஊதியத்தை அடிப்படையாகக் கொண்டு இணையாக உயர்த்தப்பட்ட கண்காணிப்பாளர் திருமதி ஆ. சண்முகவடிவு அவர்களின் ஊதியமும் அவ்வாறே திருத்தப்பட்டு, மிகுதியாகப் பெற்ற தொகை பிடித்தம் செய்யப்பட வேண்டும். இனி யாரும் இதைப் பொறாமை என்று சொல்ல முடியாது, காழ்ப்பு என்று சொல்ல முடியாது. தன் தலையையும் சேர்த்து வைத்த பிறகு யார் என்ன சொல்வார்கள்.

கைதட்டல் ஓய்ந்ததும் நிவேதா உள்ளே வந்தாள், சிரிப்பு இன்னும் முகத்தில் மிச்சம் இருந்தது. நின்றுகொண்டே கோப்புகளைப் புரட்டிக் கையெழுத்துப் போட்டவள் இதில் வந்து நின்றாள், படித்தாள், மறுபடி படித்தாள், உட்கார்ந்தாள். "இன்னைக்குத்தானா மேடம் இது தெரிஞ்சுது?" என்றாள். "இன்னைக்குத்தாம்மா எழுதுறேன்," என்றாள் சண்முகவடிவு. "கீழ இருக்கிறது உங்க பேரு இல்லையா? நிச்சயமா வேணுமா?" அந்தப் பெண்ணின் கண்ணில் ஏதோ மரியாதை தெரிந்தது, இத்தனை நேர்மையா என்கிற மாதிரி. அதைப் பார்க்கச் சண்முகவடிவுக்குச் சிரிப்பு வந்தது. நேர்மை! "ரூல் ரூல்தானேம்மா," என்றாள். நிவேதா பேனாவை எடுத்தாள். பச்சை மை. கையெழுத்துக்குக் கீழே தேதியையும் போட்டாள், பளிச்சென்று.

ஓய்வு பெற்றவரை அலுவலக ஜீப்பில் வீடு வரை கொண்டுபோய் விட்டு வருவது வழக்கம், நிர்வாகப் பிரிவின் தலைவர் கூடப் போவதும் வழக்கம். முன்சீட்டில் பால்துரை மாலையோடு, பின்னால் செல்லக்கனியும் சண்முகவடிவும், நடுவில் பரிசுப் பொட்டலங்கள், சுவர்க் கடிகாரம் மட்டும் நாலு வந்திருந்தது. முருகன்குறிச்சி சிக்னலில் வண்டி நின்றபோது சம்பங்கி வாடை முழுக்க உள்ளே நிறைந்தது. இப்போது அதைத் தாங்க முடிந்தது. மாலையில் ஓரப்பூக்கள் வாடிச் சுருங்க ஆரம்பித்திருந்ததைப் பார்த்துக்கொண்டே வந்தாள். பால்துரை ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு வந்தான், நாளைக்குக் காலையில் எங்கே போவது என்று யோசிக்கிற முகம். பிறகு பாதி திரும்பினான். மேடைக் குரல் இல்லை, பழைய குரல். "அக்கா, சும்மா வெளையாட்டுக்குத்தான் சொன்னேன். மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாதீக." "சே சே," என்றாள். "சின்னவளுக்கு ஆவணியில கல்யாணம் வச்சிருக்கு. மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு. கிராஜுவிட்டிய நம்பித்தான் எல்லாம். அதுக்கு இன்னும் நான் ஏதாச்சும் எழுதிக் குடுக்கணுமாக்கா?" செல்லக்கனி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள், மருதாணிக் கை, வெதுவெதுப்பாக இருந்தது. சண்முகவடிவு முன்னால் குனிந்து, அவன் தோளிலிருந்து நழுவிக்கொண்டிருந்த மாலையைச் சரியாக இழுத்துவிட்டாள்.

"நீங்க ஒண்ணும் எழுத வேண்டாம் தம்பி," என்றாள். "நான் பாத்துக்கிடுதேன்."